அடைப்புக்குறியை மறந்தால் 60 = 44!

மாணவர்களே, தேக்கா சந்தைக் கடை ஒன்றில் கல்லாவை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். மெர்லயன் பொறித்த 1 வெள்ளி நாணயங்களும், துறைமுகம் பொறித்த 50 காசு நாணயங்களும் சேர்ந்து மொத்தம் 30. மதிப்பு 22 வெள்ளி. எது எத்தனை?

1 வெள்ளி நாணயங்களின் எண்ணிக்கை வ, 50 காசு நாணயங்களின் எண்ணிக்கை க என்க.

வ + க = 30 … (1)

ஒரு வெள்ளிக்கு இரண்டு 50 காசு. 22 வெள்ளிக்கு 44. எனவே,

2வ + க = 44 … (2)

(1)இலிருந்து, வ = 30 − க. இதை (2)இல் பிரதியிடுங்கள். மறுபடி (1)இலேயே பிரதியிட்டால் 30 = 30 என்றுதான் வரும்.

2(30 − க) + க = 44
60 − 2க + க = 44
க = 16, வ = 14

விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் பிழை, அடைப்புக்குறியை விட்டுவிடுவது:

2 × 30 − க + க = 44

க மறைந்துவிடும்; 60 = 44 என்று நிற்கும். உடனே ‘தீர்வு இல்லை’ என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வ இருந்த இடத்துக்கு (30 − க) முழுவதும் வருகிறது. ஆகவே, 30, க இரண்டையுமே 2ஆல் பெருக்க வேண்டும்.

சரிபார்ப்போம்: 14 + 16 = 30 நாணயங்கள். 14 வெள்ளி + 8 வெள்ளி = 22 வெள்ளி.

நாணயங்கள் கல்லாவில் கண்முன்னே கிடக்கும்போது விடை எப்படி இல்லாமல் போகும்? 60 = 44 போல வந்தால், முதலில் அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: 40 நாணயங்கள், 31 வெள்ளி என்றால்?