கணினிப் பாடம்: எல்லாருக்கும் கொத்துச் சாவி எதற்கு?



கிளைக்கு ஒரே கணினி. சமய வகுப்பு மாணவர் பட்டியல், வருகைப் பதிவு, நன்கொடைக் கணக்கு எல்லாம் அதில்தான். செயலாளர் விண்டோஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு போட்டுக் கொடுக்கிறார். நல்ல காரியம்தான். ஆனா மறுநாளே புகார் வரும்.

“அண்ணே, மாணவர் பதிவு புரோகிராம் எதையும் சேமிக்க மாட்டேங்குது!”

“அக்கா, நேத்து நான் இருபது பேரைப் பதிஞ்சேன். உங்க கணக்குல பார்த்தா ஒருத்தரையும் காணோம்!”

உடனே யாராவது ஒருவர், “எல்லாருக்கும் அட்மின் குடுத்துடுங்க, வேலை முடிஞ்சுது” என்பார். அதைச் செய்யாதீர்கள்.

அன்னதானத்துக்குச் சமைக்க வரும் தொண்டரிடம் மடப்பள்ளிச் சாவியைக் கொடுப்போம். உண்டியல் சாவியையும் சேர்த்தா கொடுப்போம்? அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை அந்தக் கொத்துச் சாவி போன்றது. அந்த உரிமை உள்ளவர் தெரியாமல் ஒரு வைரஸுக்கு ‘யெஸ்’ அழுத்தினால், அது எல்லாருடைய கோப்புகளிலும் கை வைக்கும். தொண்டர் மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. தவறு யார் கையிலும் நடக்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

புரோகிராம்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் குடியிருக்கின்றன. சாதாரணப் பயனர் அங்கே உள்ளதைப் படிக்கலாம், இயக்கலாம். எழுத முடியாது. விண்டோஸ் 98 காலத்தில் இந்தத் தடை இல்லை. அந்தப் பழக்கத்தில் எழுதப்பட்ட பழைய புரோகிராம்கள் தங்கள் தகவலையும் அதே ஃபோல்டரில் எழுதப் பார்க்கின்றன. தடை வந்ததும் சில நின்றுவிடும்.

சில நிற்காது. 2007இல் வந்த விஸ்டா முதல் விண்டோஸ் ஒரு சமாளிப்பு வேலை செய்கிறது. பழைய புரோகிராம் எழுத முயன்றால், அந்தக் கோப்புக்கு ஒரு தனி நகலை அந்தப் பயனரின் சொந்த இடத்தில் வைத்துவிடும். அந்த இடத்தின் பெயர் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’. அதனால்தான் அந்த இருபது பேர் அக்காவின் கணக்கில் தெரியவில்லை. தகவல் தொலையவில்லை, பதிந்தவரின் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

சரிசெய்யும் முறை

1. முதலில் முழு ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள்.

2. பதிவு செய்த ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் நுழைந்து, சி டிரைவ், யூசர்ஸ், தங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்று வரிசையாகப் போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும். ‘வியூ’ பகுதியில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்தால் தெரியும். அங்குள்ள நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

3. அட்மின் கணக்கில் நுழைந்து, அந்தப் புரோகிராமின் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போங்கள். பட்டியலில் ‘யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘மாடிஃபை’ வரிக்கு நேரே ‘அலவ்’ டிக் செய்து ஓகே கொடுங்கள்.

4. வர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள பழைய நகலை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். விண்டோஸ் முதலில் அந்த நகலைத்தான் பார்க்கும். அதை விட்டுவைத்தால் அனுமதி கொடுத்த பிறகும் அவருக்குப் பழைய பட்டியல்தான் தெரியும்.

5. யாருடைய நகலில் பதிவு அதிகமோ அதைப் பொது ஃபோல்டரில் வையுங்கள். மற்றவர்களின் நகலில் மட்டும் உள்ள பெயர்களைக் கையால் சேருங்கள். சற்று நேரம் பிடிக்கும், ஆனா ஒரு பிள்ளையின் பெயரும் விடுபடாது.

கவனம்!

‘ஃபுல் கன்ட்ரோல்’ வேண்டாம். அது அனுமதிகளையே மாற்றும் உரிமையையும் கொடுத்துவிடும். ‘மாடிஃபை’ போதும்.

‘டினை’ பக்கம் டிக் செய்யாதீர்கள். அது ‘அலவ்’வை மிஞ்சிவிடும். அட்மினும் யூசர்ஸ் குழுவில் இருந்தால் அவருக்கும் கதவு மூடிக்கொள்ளும்.

சி டிரைவ் முழுவதற்கும், விண்டோஸ் ஃபோல்டருக்கும் அனுமதியை மாற்றவே கூடாது. தகவல் தனி உள் ஃபோல்டரில் இருந்தால் அதற்கு மட்டும் கொடுங்கள். புரோகிராமின் செட்டிங்ஸில் தகவல் இருக்கும் இடத்தை மாற்ற வழியிருந்தால், வெளியே ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுவது இன்னும் நல்லது.

இன்னொன்று. உங்கள் டெஸ்க்டாப்பில் செய்த கோப்பைப் பொது ஃபோல்டருக்கு ‘கட்’ செய்து நகர்த்தினால், பழைய அனுமதியும் கூடவே வந்து, மற்றவர்களால் திறக்க முடியாமல் போகலாம். ‘காப்பி’ செய்து ஒட்டினால் புதிய இடத்தின் அனுமதி கிடைக்கும்.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் கிளைக் கணினியில் எத்தனை பேர் அட்மின் என்று எண்ணுங்கள். பொறுப்பாளர் ஒருவருக்கும், அவசரத்துக்கு இன்னொருவருக்கும் அது போதும். மற்றவர்களைச் சாதாரணப் பயனராக்குவதற்கு முன், யாருக்கு எந்த ஃபோல்டரில் எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, பொறுப்பாளரிடம் காட்டிப் பேசுங்கள். யாரையும் குறைத்ததாக நினைக்க வேண்டாம். அவரவர் தொண்டுக்கு எந்தச் சாவி தேவையோ, அந்தச் சாவி அவரவர் கையில் இருக்கட்டும்.