விளிம்பும் புகையும்: ஏர்பிரஷ் பயிலும் இளையோருக்கு ஒரு கடிதம்

எப்போதும்வென்றானிலும் அதைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலும் ஓவியம் பயிலும் இளையோருக்கு,

ஏர்பிரஷ் என்பது, அழுத்தப்பட்ட காற்றின் விசையால் நீர்த்த வண்ணத்தை நுண்துளிகளாக உடைத்துத் தாளின்மீதோ துணியின்மீதோ உலோகத்தின்மீதோ படியவைக்கும், பேனா அளவிலான ஒரு கருவியாகும். தூரிகை பரப்பைத் தொட்டு வண்ணத்தை விட்டுச் செல்ல, ஏர்பிரஷ் பரப்பைத் தொடுவதே இல்லை; அதன் வலிமையும் குறையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. தொடாததால் தூரிகைத் தடம் விழாமல் ஒரு நிறம் மற்றொரு நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது. தொடாததாலேயே அந்த நிறத்துக்குத் தனக்கென ஒரு விளிம்பு அமைவதில்லை. படத்தில் விளிம்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று முன்பே முடிவு செய்யாதவர் கையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏர்பிரஷும் புகையைத்தான் வரையும்.

விளிம்பைப் பற்றிக் கற்பதற்குக் கோவில்பட்டி வட்டாரத்தைவிட ஏற்ற இடம் தமிழ்நாட்டில் அரிது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவரும், டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டர்களாகித் தமிழ்நாட்டு வீடுகளின் பூசை அறைகளிலும் கடைகளின் கல்லாவுக்குப் பின்னாலும் இடம்பிடித்தன. சட்டமிட்டுத் தொங்கும் அத்தகைய பழைய படம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், கிரீடத்தின் கற்கள், நகையின் ஓரம், கண்ணிமை, உதடுகள் சேரும் கோடு ஆகியவை கூரிய விளிம்போடு அமைந்திருப்பதும், கன்னம் கழுத்தோடு சேரும் இடம், தலைக்குப் பின்னுள்ள ஒளிவட்டம், மேகம், தொலைவில் உள்ள மலை ஆகியவை விளிம்பின்றிக் கரைந்திருப்பதும் தெரியும். டிரேசிங் தாளை அப்படத்தின்மேல் வைத்துக் கூர்விளிம்புகளை மட்டும் பென்சிலால் படியெடுத்தால், கோடு விழுந்த இடமெல்லாம் வண்ணம் படாமல் மூடும் மறைப்புக்கோ தூரிகைக்கோ உரியது என்பதும், கோடு விழாத வெளியெல்லாம் ஏர்பிரஷுக்கு உரியது என்பதும் ஒரே பார்வையில் விளங்கிவிடும். கருவி வாங்குவதற்கு முன்னரே செய்யத்தக்க இந்தப் பயிற்சிக்குத் தாளும் பென்சிலும் தவிர வேறு செலவில்லை.

இதே பாடத்தைக் கல்லிலும் படிக்கலாம். கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையில், ஒரே பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட வெட்டுவான் கோயிலிலும், அதே மலையில் உள்ள சமணப் புடைப்புச் சிற்பங்களிலும் சாய்ந்த வெயில் விழும் வேளையில் நின்று பார்ப்பவர் இரு வகை நிழல்களைப் பிரித்தறிவார். உருண்ட மார்பின் ஒளிபடாத பக்கத்தில் மெல்லப் படரும் நிழலுக்கு ஓரம் இல்லை. ஆனால் ஒரு கை தன் பின்னுள்ள பாறையின்மேல் வீழ்த்தும் நிழலுக்குத் தெளிவான ஓரம் உண்டு. முன்னதை உருவநிழல் என்றும் பின்னதை வீழ்நிழல் என்றும் கொள்ளலாம். தொடக்கநிலைப் படங்களில் பெரும்பாலானவை தட்டையாகத் தோன்றுவதற்குக் காரணம், இவ்விரண்டும் ஒரே மென்மையோடு தெளிக்கப்படுவதுதான்.

கருவியின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் 1879இல் இதன் முன்வடிவத்தை உருவாக்கினார். லிபர்ட்டி வாக்கப் அதை மேம்படுத்திப் பரப்பினார். இன்றைய அமைப்பை ஒத்த கருவிக்கு 1893இல் சார்லஸ் பர்டிக் காப்புரிமை பெற்று, இலண்டனில் அதைத் தயாரிக்கலானார். புகைப்படங்களைத் திருத்துவதே, அதாவது தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் டச்சிங் என்று வழங்கிய வேலையே, நெடுங்காலம் இதன் முதன்மைப் பயனாக இருந்தது. கணினி அந்த வேலையைப் பறித்துக்கொண்ட பிறகும் பைக் டேங்க், டி-ஷர்ட், சிறு மாதிரி உருவங்கள், கேக் அலங்காரம், ஒப்பனை எனப் புதிய பரப்புகளை ஏர்பிரஷ் தேடிக்கொண்டதோடு, கணினி ஓவிய மென்பொருள்களிலும் தன் பெயரிலேயே ஒரு தூரிகையாக உட்கார்ந்துகொண்டது.

கருவியின் உள்ளே கூம்பிய நுண்ணூசி ஒன்று நாசில் எனப்படும் சிறு துளைவாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஊசியைப் பின்னுக்கு இழுத்தால் துளை திறக்கிறது. நாசிலைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்று அவ்விடத்தில் அழுத்தத்தைக் குறைப்பதால், கோப்பையிலுள்ள வண்ணம் முனைக்கு இழுபட்டு, காற்றோடு மோதித் துளிகளாகச் சிதறுகிறது. டிரிகர் எனப்படும் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் முன்பே வகுத்த அளவில் ஒருசேர வெளிப்படும் வகை சிங்கிள் ஆக்‌ஷன். அழுத்தினால் காற்றும், அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் இழுப்பின் அளவுக்கேற்ப வண்ணமும் வரும் வகை டபுள் ஆக்‌ஷன். முன்னது பழக எளிது என்று கடைகளில் பரிந்துரைக்கப்படுவது உண்டு. ஆனால் ஒரே இழுப்பில் கோட்டை மெலிதாகத் தொடங்கித் தடிப்பாக்கி மீண்டும் மெலிதாக முடிக்கும் திறன் பின்னதில் மட்டுமே உள்ளதால், படம் வரைய விரும்புபவர் முதலிலிருந்தே டபுள் ஆக்‌ஷனில் பழகுவதே முறை. வண்ணக் கோப்பை மேலே அமைந்த வகை புவியீர்ப்பால் ஊட்டம் பெறுவதால் குறைந்த காற்றழுத்தத்திலும் சிறிதளவு வண்ணத்திலும் வேலை செய்யும். கீழே குப்பி தொங்கும் வகை பெரும்பரப்புக்கு ஏற்றது. நாசில் 0.3 மி.மீ. இருந்தால் போதும். 0.2 மி.மீ. நுண்கோட்டுக்கு உரியது என்றாலும் விரைவில் அடைத்துக்கொள்ளும். டிங்கரிங் பட்டறைகளில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னின் துளை 1.3 மி.மீ. அளவில் இருப்பதால், அதை வைத்துப் படம் பயில முனைவது வீண்.

கையிருப்புப் பணத்தில் பெரும்பங்கு ஏர்பிரஷுக்கா, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசருக்கா என்ற கேள்விக்கு விடை ஐயமற்றது: கம்ப்ரசருக்கே. டேங்க் இல்லாத சிறு கம்ப்ரசரில் பிஸ்டனின் ஒவ்வொரு துடிப்பும் காற்றில் தெரிந்து கோட்டை நடுங்கச் செய்யும். மூன்று லிட்டர் டேங்காவது உள்ள, எண்ணெய் தேவைப்படாத, 1/6 அல்லது 1/5 குதிரைத்திறன் கொண்ட கம்ப்ரசர் சீரான காற்றைத் தரும். அதில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்து நிறுத்தும் நீர்வடிப்பானும் இருப்பது கட்டாயம். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஆவி நீராகி, வடிப்பான் இல்லாவிடில் ஓஸ் வழியாக வந்து, முடியும் நிலையிலுள்ள படத்தின்மேல் ஒரு சொட்டாக விழும்; ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது அடிக்கடி நேரும். தாளில் வரைவதற்கு 15 முதல் 25 பி.எஸ்.ஐ. வரையிலான அழுத்தம் போதுமானது.

கரிசல் மண்ணில் ஏர்பிரஷுக்கு வேறு மூன்று பகைகள் உண்டு. எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் இவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. முதலாவது வெப்பம். சித்திரை, வைகாசி வெயிலில் வண்ணம் தாளை அடையும் முன்னரே ஊசிமுனையில் உலர்ந்து கட்டிக்கொள்வதால், தெளிப்பு இடையிடையே நின்று, திடீரென்று துப்பும். காலைப் பொழுதில் வேலை செய்வதும், அக்ரிலிக் வண்ணத்தில் உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரிரு சொட்டுச் சேர்ப்பதும், ஈரத் துணியால் முனையை அவ்வப்போது ஒற்றி எடுப்பதும் இதற்கு மாற்று. சீக்கிரம் உலரட்டும் என்று வண்ணத்தில் ஆல்கஹால் கலக்கச் சொல்லும் அறிவுரையை இவ்வட்டாரத்தில் கேளாதிருப்பது நல்லது. இரண்டாவது தண்ணீர். உப்பு மிகுந்த போர்த் தண்ணீரில் வண்ணத்தைக் கரைத்தால், நீர் உலர்ந்தபின் எஞ்சும் உப்பு நாசிலின் உள்ளே படிந்து துளையைச் சுருக்கிவிடும். ஆகவே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையோ வடிகட்டிய மழைநீரையோ பயன்படுத்த வேண்டும். மூன்றாவது புழுதி. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடி மேல்காற்று கரிசல் தூளையும் வீட்டுக்குள் கொண்டுவந்து ஈர வண்ணத்தின்மேல் ஒட்டவைக்கிறது. தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கி, மேற்குச் சன்னலைச் சாத்தி, கிழக்குப் பக்கம் காற்று வெளியேற வழிவிட்டு வேலை செய்வதே பொருத்தம்.

வண்ணம் பாலின் இளக்கத்துக்கு வரும்வரை நீர்க்கச் செய்யப்பட்டு, நைலான் துணியில் வடிகட்டப்பட வேண்டும். பிசுபிசுப்பு மிகுந்தால் மணல்போல் துகள் துகளாகத் தெறிக்கும். மிகவும் நீர்த்தால் துளிகள் தாளில் ஓடிச் சிலந்திக் கால்களாகக் கிளைவிடும். இவ்விரு குறைகளையும் தாளில் பார்த்தவுடன் பெயர் சொல்லும் அளவுக்கு அடையாளம் கண்டுகொள்வது, பல மாதப் படவேலையைவிடப் பயனுள்ள தேர்ச்சி.

விரலுக்கான பயிற்சி ஒரே விதியில் அடங்குகிறது: காற்று முதலில் வரவேண்டும், கடைசியில் நிற்கவேண்டும். விசையை அழுத்திக் காற்றை ஓடவிட்டு, கையை நகர்த்தத் தொடங்கியபின் இழுத்து வண்ணத்தை விட்டு, கை நிற்கும் முன்னரே வண்ணத்தை அடைத்து, இறுதியில் காற்றை நிறுத்துபவரின் கோட்டில் இருமுனையிலும் குண்டு விழுவதில்லை. பழைய செய்தித்தாளில் புள்ளிகள், சம தடிப்புள்ள கோடுகள், தடிப்பில் தொடங்கி முள்ளாக முடியும் கோடுகள், பின்னர் கறுப்பிலிருந்து வெண்மைவரை படிப்படியாக இறங்கும் பட்டை, இறுதியில் ஓர் உருண்டை என்பதே வழக்கமான வரிசை. தாளிலிருந்து ஒரு செ.மீ. தொலைவில் பிடித்தால் நூல்கோடும், 15 செ.மீ. தொலைவில் பிடித்தால் அகன்ற படலமும் கிடைக்கும். கோட்டின் அகலம் தொலைவையும், கருமை விசையின் இழுப்பையும் சார்ந்தது. அடர்த்தியை ஒரே தெளிப்பில் எட்ட முயலாமல், உலர உலர மெல்லிய படலங்களாக ஏற்றுவதே இக்கலையின் பொறுமை.

கூர்விளிம்பு மறைப்பின் கொடை. வண்ணம் படக்கூடாத இடத்தை மூடும் தகடோ தாளோ மறைப்பு எனப்படும். அதைப் பரப்போடு ஒட்டவைத்தால் கத்திக்கூரான ஓரமும், அரை செ.மீ. உயர்த்திப் பிடித்தால் சற்றே மங்கிய ஓரமும், இன்னும் உயர்த்தினால் ஓரமே இல்லாத மாற்றமும் கிடைப்பதால், ஒரே மறைப்பு மூன்று விதமான விளிம்புகளைத் தரவல்லது. கழுத்து மாலையின் நிழலுக்கு முதலாவதும், மோவாயின் நிழலுக்கு இரண்டாவதும், கன்னத்துக்கு மூன்றாவதும் பொருந்தும். கத்தரித்த ஓ.எச்.பி. ஷீட், பழைய எக்ஸ்ரே பிலிம், கிழித்த தாளின் ஒழுங்கற்ற ஓரம், வேப்பிலை ஆகிய எல்லாமே மறைப்பாகும். ஓவியர் மான் ரே 1919 வாக்கில் அன்றாடப் பொருள்களையே தாளின்மேல் வைத்துச் சுற்றிலும் தெளித்து அவற்றின் வெற்றுருக்களைப் படமாக்கியது இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மறைப்புத் தாளைப் படத்தின்மேல் வைத்து வெட்டும்போது தாளில் கீறல் விழுந்தால், பிறகு தெளிக்கும் வண்ணம் அக்கீறலில் கருங்கோடாகத் தங்கும் என்பதால், புதிய பிளேடும் இலேசான அழுத்தமும் தேவை.

வெள்ளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கருநிறத்தின்மேல் வெள்ளையை மெல்லியதாகத் தெளித்தால் அது நீலம் பாய்ந்து தோன்றும். அடித்தளம் முழுதும் மறையாத படலத்தில் நுண்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதே காரணம். கண்ணனின் மேனிக்கு அது பொருந்திவிடலாம், அம்மனின் கன்னத்துக்குப் பொருந்தாது. வெள்ளையில் ஒரு துளி மஞ்சளோ ஆரஞ்சோ சேர்த்தால் அந்த நீலம் அடங்கும். ஒளிபடும் இடத்துக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைப்பது இன்னும் சிறந்தது.

காற்றில் மிதக்கும் வண்ணம் மூச்சிலும் கலக்கும். நீர்வழி வண்ணத்துக்கும் என்95 முகக்கவசமும் திறந்த வெளிப்போக்கும் வேண்டும். தின்னர் கலந்த வண்ணத்தின் ஆவியை அக்கவசம் தடுக்காது, அதற்கு உரிய கரி வடிகலன் பொருத்திய கவசம் தேவை. ஈயம் கலந்த குரோம் மஞ்சளையும் காட்மியம் நிறங்களையும் தெளிக்கவே கூடாது. தின்னர் ஆவி அடுப்புச் சுடரைத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய வட்டாரத்தில் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. பயில்பவர் நீர்வழி வண்ணத்தோடு நின்றுகொள்வதே தக்கது.

நிறம் மாற்றும்போதெல்லாம் கோப்பையில் நீர் ஊற்றித் தெளிவாக வரும்வரை தெளித்து, நாசிலின் வாயைத் துணியால் பொத்திக் காற்றைப் பின்னோக்கிக் குமிழியிடச் செய்து, நாளின் முடிவில் ஊசியை உருவி முனைநோக்கித் துடைக்க வேண்டும். ஊசிமுனை மயிரிழை வளைந்தாலும் கோடு ஒருபக்கமாகச் சாயும். நாசிலைக் குத்தி அடைப்பெடுப்பது அதைக் கெடுப்பதற்கே சமம். டேங்கின் அடியில் சேர்ந்த நீரையும் அன்றன்றே வடித்துவிடுக.

முதல் மாதம் கறுப்பு ஒன்றே போதும். மற்ற நிறங்களை, வரைந்த உருண்டை தட்டையாக அன்றி உருண்டையாகவே தெரியத் தொடங்கிய பிறகு வாங்குக.