மருந்து தீருமுன் அறிவது எவ்வாறு?

“அந்த மருந்து இருப்பில் இல்லை” என்னும் சொல் மருந்தகச் சாளரத்தில் ஒலிக்குமானால், இரண்டு வினாக்களுக்கு உரிய காலத்தில் விடை காணப்படவில்லை என்று பொருள். எப்போது வரவழைப்பது? எவ்வளவு வரவழைப்பது? இவ்விரண்டையும் முன்கூட்டியே வரையறுப்பதே இருப்பு நிரப்பும் முறை. எல்லாப் பொருளுக்கும் ஒரே முறை பொருந்தாது. அதற்கான காரணங்களை அறிந்துகொண்டால், இல்லத்திலுள்ள மருந்துப் பெட்டியையும் நாம் சரியாகப் பேணலாம்.

நாளும் செலவாகும் மருந்துகள்

நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்துவோர் தீவனம் முற்றிலும் தீர்ந்தபின் ஆலைக்கு ஆளனுப்புவதில்லை. வண்டி வந்து சேரும் வரை கோழிகளுக்கு வேண்டியது கையில் இருக்கும்போதே சொல்லி அனுப்புவர். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இதுவே கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: நாளொன்றுக்கு 200 மாத்திரைகள் செலவாகின்றன, கேட்ட பின் வந்து சேர 10 நாள்கள் ஆகும். அந்த இடைவெளிக்கு 2,000 மாத்திரைகள் தேவை. வண்டி தாமதித்தாலோ நோயாளிகள் மிகுந்தாலோ ஈடுகொடுக்க மேலும் 1,000 வேண்டும். ஆகவே, இருப்பு 3,000 ஆகக் குறைந்த அன்றே அடுத்த கொள்முதலுக்கு எழுதிவிட வேண்டும்.

குறித்த நாளில் எண்ணும் பொருள்கள்

பஞ்சு, கட்டுத்துணி, கையுறை போன்றவற்றை நாள்தோறும் எண்ணுவது வீண் உழைப்பு. வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ எண்ணி, வரையறுத்த உச்ச அளவுக்குக் குறைவதை மட்டும் கேட்டுப் பெறுவது போதும். அடுத்த எண்ணிக்கை வரையிலும், அதன்பின் சரக்கு வந்து சேரும் வரையிலும் தாங்கும்படி அந்த உச்ச அளவை வைக்க வேண்டும்.

தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்க 1994ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இத்துறையில் பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. அது மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. மருத்துவமனை ஒவ்வொன்றும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள், கணக்குப் புத்தகத்தில் பதிந்து, வேண்டியதைப் பெற்றுக்கொள்கிறது. எல்லோருக்கும் ஒரே பங்கு என்றில்லாமல், அங்கங்குள்ள தேவையே அளவைத் தீர்மானிக்கிறது.

சராசரிக்கு அடங்காதவை

பாம்புக்கடி முறிமருந்து சில மாதங்களில் ஒரு குப்பிகூடச் செலவாகாமல் இருக்கலாம். சராசரி பார்த்து இரண்டு, மூன்று குப்பிகள் போதுமென வைப்பது பேராபத்து. நஞ்சேறிய ஒருவருக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் வரை தேவைப்படும். மீண்டும் செலுத்தவும் நேரலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவான முறிமருந்தே நம் நாட்டில் வழங்குகிறது. நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளையும் இச்சமவெளியில் எந்த இரவும் ஒருவர் தூக்கி வரப்படலாம். எனவே, ஒரு நோயாளிக்கு முழுமையாக வேண்டிய அளவுக்குக் கீழே இருப்பு இறங்கவே கூடாது. ஒரு குப்பி எடுத்தாலும் உடனே நிரப்ப வேண்டும். பயன்படாமல் காலாவதியாகும் சில குப்பிகள் இதற்கு நாம் தரும் விலை. அது உயிரைவிடப் பெரிதன்று.

மிகையாகச் சேர்க்க இயலாதவை

குருதியின் நிலை இதற்கு நேர்மாறானது. சிவப்பணுக்களைச் சேமிப்புக் கரைசலுக்கேற்ப 35 அல்லது 42 நாள்கள் வரை குளிர்நிலையில் காக்கலாம். தட்டணுக்களின் ஆயுளோ வழக்கமாக 5 நாள்களே. இவற்றுக்குப் பெரிய கிடங்கு பயன் தராது; இடைவிடாத வரவே இருப்பு. உறவினருக்குத் தேவை நேரும்போது மட்டும் ஓடி வருவதினும், தகுதியுடையோர் உரிய இடைவெளிவிட்டு ஆண்டு முழுவதும் குருதிக்கொடை அளிப்பதே பெருந்துணை.

எந்த முறையைக் கையாண்டாலும், முதலில் காலாவதியாகும் பொருள் முதலில் வழங்கப்பட வேண்டும்.

இல்லத்தில் செய்ய வேண்டுவன

வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும். ஆகவே, கடைசி அட்டையைப் பிரிக்கும் வரை காத்திராமல், 10 நாள்களுக்கு உரியது மீதமிருக்கும்போதே அடுத்த மருந்தைப் பெறுங்கள். கொல்லிமலை போன்ற தொலைவிடங்களில் வாழ்வோர் 15 நாள்களுக்கு உரியதைக் கையில் வைத்திருப்பது நன்று. வழி நீண்டால் இருப்பும் நீள வேண்டும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில், குளிர்பெட்டியின் உறைபனிப் பகுதியில் அல்லாது வையுங்கள். உறைந்துபோனதைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கும் காலாவதி நாள் உண்டாதலால் அளவுக்கு மிஞ்சி வாங்கிச் சேர்க்காதீர்கள்.

மருந்து இருப்பில் இல்லையெனச் சொல்லப்பட்டால் வெறுங்கையுடன் திரும்பாதீர்கள். எப்போது வரும் என்று கேளுங்கள். அதுவரை என்ன செய்வதென மருத்துவரிடம் கேட்டுச் செல்லுங்கள். தாமாகவே அளவைப் பாதியாக்கி நாளைக் கடத்துவதும், அண்டை வீட்டார் மாத்திரையை வாங்கி உண்பதும் தீங்கு பயக்கும்.