கையெழுத்துப் போடுகிறோம், வாசிக்கிறோமா?



நம் குழுக்களில் கைநாட்டு வைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பலரும் கையெழுத்துப் போடுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் தீர்மான நோட்டில் நம் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேரால் வாசிக்க முடிகிறது? "அக்கா போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றுதான் பலர் சொல்கிறோம். கடன் எவ்வளவு, வட்டி என்ன, தவணை எத்தனை என்று படிக்காமல் போடும் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதற்குக் காரணம் நம் அறிவுக் குறைவு அல்ல. பெயரைப் படமாக வரையப் பழகினோம். கோலம் மாதிரி கை ஓடுகிறது. ஆனால் அதில் எந்தக் கோடு எந்தச் சத்தம் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

படமும் சத்தமும்

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது நமக்குப் புதிதல்ல. 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே, படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போடுவதற்காகச் சின்னங்களைக் கொண்டு வந்தார்கள். சின்னத்தைப் பார்த்தவுடன் கட்சியின் பெயர் வாய்க்கு வந்துவிடுகிறது.

எழுத்தும் இப்படி ஒரு படம்தான். சின்னம் ஒரு முழுப் பெயரைக் காட்டுகிறது. எழுத்து ஒரு சிறு சத்தத்தைக் காட்டுகிறது. ஆயிரம் பெயருக்கு ஆயிரம் சின்னம் வேண்டும். எழுத்து அப்படி இல்லை. தமிழில் 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18. இந்த முப்பதோடு கால், கொம்பு, சுழி போன்ற குறிகளைச் சேர்த்தால் மற்றவை வந்துவிடும்.

"இந்த வயசுல மண்டையில ஏறுமா?"

ஏறும். லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் படிக்காத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017-ல் வெளிவந்தது. கற்றவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதை ஒட்டிய பெண்கள். தொடக்கத்தில் அவர்களில் பலருக்கு ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அளவுக்கு வாசித்தார்கள். முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளும் பார்வைக்கான பகுதியும் முன்னைவிட அதிகமாகச் சேர்ந்து வேலை செய்தன. வளர்ந்த பிறகும் மூளை புதிதாகப் பழகிக்கொள்கிறது என்பது இதில் தெரிந்தது.

செய்து பார்ப்போம்

1. ஒரு பெயரை எடுப்போம். 'மாரியம்மாள்' என்று வைத்துக்கொள்வோம். எழுதிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சத்தமாகச் சொல்லுங்கள்: மா, ரி, ய, ம், மா, ள். விரலும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும்.

2. இதே எழுத்துகளைத் துண்டுச் சீட்டில் எழுதி மாற்றி அடுக்குங்கள். மாமா, மாரி, மாயம் என்று புதுச் சொற்கள் வரும். இப்போது நாம் வரையவில்லை, வாசிக்கிறோம்.

3. அடுத்து பஸ் போர்டு. 'ராஜபாளையம்' என்பதன் கடைசியில் மாரியம்மாளின் 'ய', 'ம்' இரண்டும் இருக்கின்றன. 'மா'வில் உள்ள கால்தான் 'ரா'விலும் 'பா'விலும் நிற்கிறது.

4. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சில இடங்களில் 'திருவில்லிபுத்தூர்' என்று எழுதியிருப்பார்கள். 'ஸ்ரீ' என்ற படத்தை மட்டும் அடையாளம் வைத்திருப்பவர் இது வேறு ஊர் என்று நினைத்து பஸ்ஸை விட்டுவிடுவார். சத்தம் கூட்டி வாசிப்பவர், இரண்டிலும் 'வில்லிபுத்தூர்' இருப்பதைக் கண்டுகொண்டு ஏறிவிடுவார்.

5. இனி நம் கணக்குக்கு வருவோம். 'ட' என்பது நிமிர்ந்த ஒரு கோடு, படுத்த ஒரு கோடு. புள்ளி வைத்தால் 'ட்', மேலே வளைந்தால் 'டி', கால் போட்டால் 'டா'. கடன், வட்டி, பட்டா மூன்றிலும் இந்த எழுத்து இருக்கிறது. பாஸ்புக்கையும் தீர்மான நோட்டையும் திறந்து 'ட' எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்குவோம். படித்த சகோதரி ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். ஆனால் விரலை வைத்து வாசிப்பது கற்கிறவராகவே இருக்கட்டும். யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022 முதல் 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' நடக்கிறது. நம் ஊரில் மையம் உண்டா என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை கடன் தீர்மானம் எழுதும்போது, "ஒரு நிமிஷம் பொறுங்கக்கா, நானே வாசிச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்வோம். வாசித்த பிறகு கையெழுத்துப் போடுவோம்.