தொம்மலூர் மேம்பாலம் ஏறுவதற்கு முன்: கார் நேவிகேஷனில் நேரலை டிராஃபிக்

பெங்களூரில் கோரமங்களா பக்கமிருந்து இன்னர் ரிங் ரோடில் தொம்மலூருக்கு வருகிறவர்களுக்கு ஈஜிபுரா சிக்னல்தான் கடைசி வாய்ப்பு. அதைத் தாண்டினால் பெரும்பாலான தூரத்துக்கு இரு பக்கமும் ராணுவ நிலத்தின் மதில். ஒதுங்கிப் போகச் சந்து பொந்து கிடையாது. தொம்மலூர் மேம்பாலம் வரை வண்டிகள் நின்றிருந்தால் நீங்களும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். திரையில் சாலை அப்போது ரத்தச் சிவப்பாக மாறி என்ன பயன்? கண்ணாடிக்கு வெளியே பார்த்தாலே தெரிகிற சங்கதி அது.

ஆகவே காரில் நேரலை டிராஃபிக் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திரும்புவதற்கு இடமிருக்கும்போதே வருகிறதா என்று பார்க்க வேண்டும். கீழே சொல்கிற ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

செயற்கைக்கோளுக்கு டிராஃபிக் தெரியாது

ஜிபிஎஸ் இருந்தால் டிராஃபிக்கும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் மட்டும் ஒலிபரப்புகின்றன. உங்கள் கருவி அதைக் கேட்டுக் கணக்குப் போட்டுத் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. மேலே எதுவும் திருப்பி அனுப்புவதில்லை. இஸ்ரோவின் நாவிக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. பழைய அட்லஸ் வரைபடத்தைப் போட்ட கருவி, விடியற்காலை 3 மணிக்கும் மாலை 7 மணிக்கும் ஒரே பாதையை, ஒரே நேரக் கணக்கோடு சொல்வது இதனால்தான்.

டிராஃபிக் வேறு வழியாக வர வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எஃப்எம் வானொலி அலையின் ஓரத்தில் குறியீடாக ஏற்றி அனுப்பினார்கள்; சார்ஜர் வயரோடு சேர்ந்த ஆன்டெனா அதைப் பிடிக்கும். அங்கே வேலை பார்த்த மகனோ மைத்துனரோ கொண்டுவந்து கொடுத்த கருவியில் அந்த வயர் இருக்கலாம். அதில் உள்ள இடக் குறியீட்டுப் பட்டியல் அந்த நாட்டுச் சாலைகளுக்கானது. இங்கே அதற்கு வேலையில்லை. நமக்கு இணையம்தான் வழி. காரின் சொந்த சிம் வழியாகவோ உங்கள் போன் வழியாகவோ டேட்டா வந்தாக வேண்டும்.

தகவல் எங்கிருந்து உருவாகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். 2012 ஜூலையில் கூகுள் இந்தியாவில் நேரலை டிராஃபிக்கைத் தொடங்கியபோது பெங்களூரு, சென்னை உட்பட 6 நகரங்களுக்குக் கிடைத்தது. சாலையில் போகிறவர்களின் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதுதான் அதற்கு மூலப்பொருள். 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சின்ன கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். காலித் தெரு வரைபடத்தில் சிவப்பானது. போன்கள் மெதுவாகப் போகின்றன என்பது மட்டுமே அந்தச் சிவப்புக்குத் தெரியும். மழைத்தண்ணீர் தேங்கியதா, பஸ் பழுதாகி நிற்கிறதா, மந்திரி போகிறாரா என்று அதைக் கேட்டால் பதில் வராது.

உங்களிடம் இருப்பது எந்த ரகம்

முதலில் இதைப் பாருங்கள். காரோடு வந்த திரையில் கம்பெனியின் இணையச் சேவை இருக்கிறதா? 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூ முதல் பல கார்களில் சிம் உள்ளேயே இருக்கிறது. வரைபடம் பெரும்பாலும் மேப்மைஇந்தியாவுடையது. இந்த ரகத்தில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. கம்பெனியின் ஆப்பைத் திறந்து சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும்போது சில ஆண்டுகளுக்கு இலவசமாகத் தந்த சேவை சத்தமில்லாமல் முடிந்திருக்கும். வரைபடம் வழக்கம்போல ஓடும், வழியும் சொல்லும், வண்ணம் மட்டும் வராது. செகண்ட் ஹேண்ட் கார் என்றால் பழைய உரிமையாளரின் பெயரில் கணக்கு மாட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு; ஆர்சி புத்தகத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரகம், ஜே.சி. ரோடில் மாட்டிக்கொண்டு வரும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. தகராறு அதிகம் வருவது இதில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்த ஸ்டீரியோவோடு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு ஆன்டெனா, அடியில் காந்தத்தோடு, நீண்ட மெல்லிய வயரில் வரும். அதுதான் ஜிபிஎஸ். மாட்டுகிற பையன் அவசரத்தில் அதை ஸ்டீரியோவின் பின்னாலேயே, இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் சுருட்டி வைத்துவிடுவான். நீங்கள் பழைய விமான நிலைய சாலையில் இருக்கும்போது அம்புக்குறி பக்கத்துத் தெருவில் திண்டாடும். இடமே தப்பென்றால் அந்த இடத்துக்கான டிராஃபிக்கும் தப்பு. கண்ணாடியை ஒட்டி டேஷ்போர்டின் மேல், வானம் தெரிகிற இடத்தில், முகம் மேலே பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். வயரை ஓரமாக உள்ளே தள்ளிவிடலாம்.

அடுத்தது டேட்டா. ஸ்டீரியோவில் சிம் போடும் இடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் போனின் ஹாட்ஸ்பாட். மலிவான ஸ்டீரியோக்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். புதிய போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பினால் ஸ்டீரியோவின் பட்டியலில் அது வராது. ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் அலைவரிசையை 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோனில் பொருத்தத்தை அதிகமாக்கும் ஒரு சுவிட்ச் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை ஆன் செய்தால் போதும். அதோடு, யாரும் இணையாவிட்டால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துவிடும் என்ற அமைப்பு பல ஆண்ட்ராய்டு போன்களில் முன்கூட்டியே ஆன் ஆகி வருகிறது. பெட்ரோல் பங்கில் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்ப எடுத்தபின் டிராஃபிக் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த அமைப்பை அணைத்து வையுங்கள்.

மூன்றாவது ரகம், போனை வயர் போட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளேயில் ஓட்டுவது. என்னைக் கேட்டால் இதுதான் சுலபம், செலவும் இல்லை. யுஎஸ்பி வயர் டேட்டா போகிற வயராக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயரில் திரை எழும்பாது. போனில் பேட்டரி சேவரை அணையுங்கள். இருப்பிட அனுமதியில் துல்லியமான இருப்பிடம் என்பதை ஆன் செய்யுங்கள்.

டேஷ்போர்டில் ஒட்டும் கார்மின் போன்ற தனிக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் கம்பெனி ஆப்பைப் போனில் போட்டு புளூடூத்தில் ஜோடி சேர்த்து, கருவியின் அமைப்பில் டிராஃபிக் என்ற வரியை ஆன் செய்ய வேண்டும். உங்கள் மாடலுக்கு இந்தியாவில் அந்தச் சேவை உண்டா என்பதை வாங்குமுன் விசாரியுங்கள். இல்லையென்றால் அதற்குமேல் காசு போடாதீர்கள்.

வருகிறதா என்று சோதிப்பது

வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். டிராஃபிக் அடுக்கை ஆன் செய்து தொம்மலூர் சந்திப்பைப் பெரிதாக்குங்கள். நான்கு திசைச் சாலைகளிலும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று ஏதாவது வண்ணம் இருக்க வேண்டும். வெறும் சாம்பல் அல்லது வெள்ளைக் கோடுகள் மட்டும் என்றால் தகவல் வரவில்லை.

வண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் நேரத்தைப் பாருங்கள். தொம்மலூரிலிருந்து மாரத்தஹள்ளிக்கு ஞாயிறு காலையிலும் வேலைநாள் மாலையிலும் ஒரே நிமிடக் கணக்கு வந்தால், கருவி சாலையின் நீளத்தை மட்டும் வைத்துக் கதை சொல்கிறது என்று பொருள். 2019-ஆம் ஆண்டுக்கான டாம்டாம் பட்டியலில் பெங்களூரு 71 சதவீத நெரிசலோடு உலகிலேயே முதலிடத்தில் இருந்தது; காலிச் சாலையில் 30 நிமிடம் ஆகிற பயணத்துக்கு சராசரியாக 51 நிமிடம். அந்த வித்தியாசம் உங்கள் திரையில் தெரிந்தாக வேண்டும்.

ஆஃப்லைன் வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டேட்டா மிச்சமாகட்டும் என்று பெங்களூரை மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. வழி வரும், டிராஃபிக் வராது. இறக்கி வைப்பது நல்லதுதான். ஆனால் டேட்டாவும் ஓட வேண்டும்.

எதில் போகிறீர்கள் என்ற தேர்வையும் பாருங்கள். 2017 டிசம்பரில் கூகுள் இந்தியாவுக்கு இருசக்கர வாகனப் பாதையைத் தனியாகக் கொடுத்தது. வார நாளில் ஸ்கூட்டர், ஞாயிறு கார் என்று இருப்பவரின் போன் ஸ்கூட்டரிலேயே நின்றிருக்கும். தொம்மலூர் லேஅவுட்டின் உள் தெருக்களில் ஸ்கூட்டர் புகுந்து போகிற இடமெல்லாம் கார் போகாது.

தொம்மலூரில் ஓட்டும்போது

இந்திராநகர் 100 அடி சாலையையும் இன்னர் ரிங் ரோடையும் இணைத்து மேம்பாலம் மேலே போகிறது. கீழே பழைய விமான நிலைய சாலை. 2008 மே மாதத்தில் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டாலும் பெயரும் நெரிசலும் இங்கேயே தங்கிவிட்டன. மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பது ஜிபிஎஸுக்கு லேசில் புரியாது. உயரத்தைக் கணிப்பதில் அது பக்கவாட்டைவிட மோசம். பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வலதுபுறம் திரும்பவும் என்று சொன்னால் பதறாதீர்கள். 2024 ஜூலையில் கூகுள், மேம்பாலம் ஏற வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டிச் சொல்லும் வசதியை 40 இந்திய நகரங்களுக்கு அறிவித்தது. குறுகிய தெருக்களைத் தவிர்க்கும் வசதியை பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட 8 நகரங்களுக்குக் கொடுத்தது. ஆப்பைப் புதுப்பித்து வைத்திருந்தால்தான் இவை கிடைக்கும்.

மாலையில் எம்பஸி கோல்ஃப்லிங்க்ஸ் அலுவலகங்கள் விடுகிற நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது முழுப் பாதையையும் அல்ல, முடிவெடுக்கும் இடங்களை. கோரமங்களாவிலிருந்து வருகிறீர்கள் என்றால் சோனி வேர்ல்ட் சிக்னலில் நிற்கும்போது திரையில் இன்னர் ரிங் ரோடைப் பாருங்கள். பாலம்வரை கருஞ்சிவப்பென்றால் விவேக் நகர் வழியாக டிரினிட்டி பக்கம் சுற்றிப் போவதா என்பதை அங்கேயே தீர்மானியுங்கள். தொம்மலூரிலிருந்து மாரத்தஹள்ளி போகிறவருக்கு கோடிஹள்ளி, மணிப்பால் மருத்துவமனை, முருகேஷ்பாளையா என்று அடுத்தடுத்து நிற்கும் இடங்கள். அவருக்கு முடிவெடுக்கும் இடம் தொம்மலூரேதான். இந்திராநகர் பக்கம் ஏறி ஓல்டு மெட்ராஸ் ரோடைப் பிடிக்கலாமா என்று அங்கே பார்க்க வேண்டும். இந்த இடங்களைச் சேமித்த இடமாகக் குறித்து வைத்து, பாதையில் இடைநிறுத்தமாகச் சேர்த்தால் அதுவரை எத்தனை நிமிடம், அதற்குப் பிறகு எத்தனை நிமிடம் என்று தனித்தனியாகத் தெரியும்.

இரண்டு நிமிடம் மிச்சம் என்று திரை காட்டும் மாற்றுப் பாதைக்கு மசிய வேண்டாம். அதே தகவல் பக்கத்துக் காருக்கும் போகிறது. எல்லோரும் சேர்ந்து உள் தெருவுக்குள் திரும்பினால் அங்கே எதிரே வரும் தண்ணீர் லாரிக்கு ஒதுங்கவே பத்து நிமிடம் ஆகும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் மாறுங்கள்.

சிவப்புக்குக் காரணம் தெரிய வேண்டுமென்றால் போலீஸ் பக்கம் பார்க்கலாம். பெங்களூரு போக்குவரத்து போலீஸ் 2022-இல் மேப்மைஇந்தியாவோடு கைகோத்தது. சாலை மூடல், திருப்பிவிடல் போன்றவை அந்த நிறுவனத்தின் மேப்பிள்ஸ் ஆப்பில் வருகின்றன. 2025-இல் நகரின் பல சிக்னல்களில் விளக்கு மாற இன்னும் எத்தனை விநாடி என்பதும் அதில் தெரியத் தொடங்கியது. புறப்படும் முன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓட்டும்போது பழகிய ஒரே ஆப்பில் இருங்கள். இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வழி சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஓட்டும்போது போனில் வழி பார்க்கச் சட்டத்தில் இடமுண்டு. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, கைக்கருவியை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத உயரத்தில் வையுங்கள். குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டால் திரையைப் பார்க்கும் தேவையே குறையும்.

காரை விற்கும்போதும் சர்வீஸுக்கு விடும்போதும் ஸ்டீரியோவில் வீடு, அலுவலகம் என்று குறித்து வைத்ததையும் ஜோடி சேர்த்த போன்களின் பட்டியலையும் அழித்துவிடுங்கள். சர்வீஸ் முடிந்து வந்தபின் ஹாட்ஸ்பாட்டை மறுபடி இணைக்க இரண்டு நிமிடம் போதும்.