இலையுதிர்காலத்தில் வீட்டுக்குள் அடைபட வேண்டாம்

ஒக்ரோபர் பிறந்துவிட்டால் எங்கள் வைத்திய அறையில் ஒரே வசனத்தைப் பலரும் சொல்லக் கேட்கிறோம். "டொக்டர், குளிர் தொடங்கியிட்டுது. இனிச் சித்திரை மட்டும் வெளியில போகேலாது." சொல்பவர் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவாக இருப்பார். பக்கத்தில் இருக்கும் மகளும் ஆமோதித்துத் தலையாட்டுவார். ஐந்தாறு மாதம் கழித்து அதே அம்மா திரும்பி வரும்போது நிறை கூடியிருக்கும். இரத்தத்தில் சீனி ஏறியிருக்கும். முழங்கால் இறுகியிருக்கும். முகத்தில் பழைய சிரிப்பு இருக்காது.

இந்த முறை மருந்துகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இலையுதிர்காலத்தைக் குடும்பத்தோடு எப்படி அனுபவிக்கலாம் என்பதையே எழுதுகிறோம். அதுவும் வைத்தியம்தான். செப்ரெம்பர் கடைசியில் லண்டனில் மாலை ஏழு மணியளவில்தான் பொழுது படுகிறது. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததும் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். டிசெம்பர் நடுப்பகுதியில் நாலு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். ஆகவே வெளியே போகும் பழக்கத்தைத் தொடங்க ஏற்ற காலம் இதுதான். இப்போது தொடங்கினால் தை மாதத்திலும் கால் தானாக வாசலுக்குப் போகும்.

மரம் சாகவில்லை

நாங்கள் அகதியாக இந்நாட்டுக்கு வந்ததும் ஓர் ஒக்ரோபரில்தான். தங்கியிருந்த அறையின் யன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் நின்றது. ஒவ்வொரு நாளும் இலை கொட்டியது. ஊரில் வேம்பும் இலை உதிர்க்கும், ஆனால் உதிரும்போதே தளிரும் வந்துவிடும். இங்கோ மரம் முழு மொட்டையாகிவிட்டது. அதற்கு ஏதோ வருத்தம் என்றே நினைத்தோம். மருத்துவம் படித்த எங்களுக்கே அப்படித்தான் தோன்றியது!

உண்மையில் நடப்பது வேறு. வெளிச்சமும் வெப்பமும் குறையும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்து, பயனுள்ள சத்துகளைக் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுக்கிறது. பச்சை போனதும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. சில மரங்கள் இந்நேரத்தில் புதிதாகச் சிவப்பு நிறத்தையும் உண்டாக்குகின்றன. இலைக்காம்பு கழன்ற இடத்தை உற்றுப் பாருங்கள். அடுத்த வசந்தத்துக்கான அரும்பு அங்கே ஏற்கெனவே இருக்கும். பிள்ளைகளுக்கும் அம்மம்மாவுக்கும் இதைக் காட்டுங்கள். முதல் நாள் வேலை அதுவே போதும்.

வெயிலும் விற்றமின் டியும்

ஒக்ரோபரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை பிரித்தானியாவில் படும் வெயிலைக் கொண்டு நம் தோலால் விற்றமின் டி செய்ய முடியாது. சூரியன் அவ்வளவு தாழ்வாக நிற்கிறது. நமது கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் தேவை. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெயில் காய்வதாலும் இந்த விற்றமின் கிடைக்காது.

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு, விற்றமின் டி எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டிலிருந்து இங்குள்ள அரச ஆலோசனை. தென்னாசியர்களான நமக்கும், வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாதவர்களுக்கும் ஆண்டு முழுவதும் எடுக்கும்படி சொல்லப்படுகிறது. இது கடைகளில் மலிவாகவே கிடைக்கும். அதிகம் எடுத்தால் அதிக பலன் என்று எண்ண வேண்டாம். வைத்தியர் சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது. சிறுநீரகக் கல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதலில் கேட்டுவிட்டு எடுக்கவும்.

"அப்படியென்றால் ஏன் வெளியே போக வேண்டும், குளிசையே போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. மப்பும் மந்தாரமுமான நாளில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு கூடியது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடலின் கடிகாரம் சரியாக ஓடும், இரவில் நித்திரை வரும், மனச்சோர்வும் குறையும். நடையோ சீனியைக் குறைக்கிறது, மூட்டை இளக்குகிறது. வாரத்துக்கு 150 நிமிட நடை வளர்ந்தவர்களுக்கான அளவு. கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் போதும். மதியச் சோற்றுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும்.

குடும்பத்தோடு செய்யக்கூடியவை

1. இலை பொறுக்கும் நடை. ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிறம், ஐந்து வடிவம் என்று பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கனமான புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினால் சரஸ்வதி பூசைக்கு அழகான அலங்காரம் செய்யலாம். ஈர இலை வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம். வயதானவர்களைக் குவியல் இல்லாத பாதையில் நடத்துங்கள்.

2. செஸ்ற்நட். இந்நாட்டில் இரண்டு வகையை ஒன்றோடொன்று மாற்றிவிடுவார்கள். உண்ணக்கூடிய செஸ்ற்நட்டின் வெளிக்கோது முள்ளம்பன்றி போல் நெருக்கமான மெல்லிய முள்ளால் மூடப்பட்டிருக்கும். உள்ளே இரண்டு மூன்று கொட்டை இருக்கும், நுனியில் சிறு குஞ்சம் போல் கூர் இருக்கும். இலை நீளமாக, ஓரம் பற்களோடு, தனித்தனியாக இருக்கும். கொங்கர் எனப்படும் மற்றதன் தடித்த பச்சைக் கோதில் முள் ஐதாக இருக்கும். கொட்டை உருண்டு பளபளக்கும், நுனியில் கூர் இராது. இலை விரித்த கைபோல ஐந்து அல்லது ஏழு பிரிவாக இருக்கும். கொங்கர் நஞ்சு. பிள்ளைகள் நூலில் கோத்து விளையாடலாம், வாயில் வைக்கக்கூடாது.

லண்டனின் அரச பூங்காக்களில் எதையும் பொறுக்கி எடுக்க அனுமதி இல்லை. அவை அங்குள்ள விலங்குகளின் உணவு. மற்ற இடங்களில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இல்லாவிட்டால் கடையில் வாங்கலாம். கத்தியால் சிலுவைக் குறிபோல் கீறி, 200 பாகைச் சூட்டில் அரை மணித்தியாலம் வாட்டினால் போதும். கீறாவிட்டால் வெடிக்கும்! எங்கள் தாயார் முதல்முறை ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு, "இது எங்கட பலாக்கொட்டையெல்லோ" என்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் விரும்பிச் சாப்பிட்ட ஒரே இங்கிலாந்துச் சாப்பாடு அதுதான். நீரிழிவுக்காரருக்கு ஒரு குறிப்பு: கச்சான், கஜுவைப்போல இதில் கொழுப்பு அதிகமில்லை. மூன்றில் ஒரு பங்கு மாச்சத்து. ஆகவே சோற்றோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஐந்தாறு போதும்.

3. காளான். பாருங்கள், படம் எடுங்கள், தொட வேண்டாம். மழைக்குப் பின் காளான் பிடுங்கிக் கறி வைத்த ஊர்ப் பழக்கம் இங்கே உயிரை வாங்கும். ஓக் மரங்களின் கீழ் வளரும் 'டெத் கப்' என்ற காளான் நம் பக்கத்து வைக்கோல் காளானைப் போலவே தோன்றும். அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்டு ஆறு, பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றும் தெரியாது. பின்பு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், அதன் பிறகு ஈரல் பழுதடையும். யாராவது தெரியாமல் சாப்பிட்டிருந்தால், குணம்குறி வரும்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மிச்சக் காளானையும் எடுத்துச் செல்லுங்கள்.

4. மான் பார்த்தல். ரிச்மண்ட் பூங்காவில் 1637ஆம் ஆண்டிலிருந்து மான்கள் உலாவுகின்றன. இன்று ஏறத்தாழ 630 மான்கள் உண்டு. செப்ரெம்பர், ஒக்ரோபரில் கலைமான்கள் கத்திச் சண்டையிடும். பார்க்க அருமையான காட்சி. 50 மீற்றருக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். வீடு வந்ததும் பிள்ளைகளின் காலையும் கவட்டையும் தலைமுடி ஓரத்தையும் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் மெல்லிய நுனியுள்ள சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே மேலே இழுக்கவும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினால் வைத்தியரைக் காணுங்கள்.

5. பூசணி. ஒக்ரோபரில் பண்ணைக்குப் போய் நாமே பூசணி தெரிந்தெடுக்கலாம். பிள்ளைகள் விளக்கு வெட்டட்டும், உள்ளே உள்ளதை அம்மம்மா கறி வைக்கட்டும். விதையைக் கழுவி வறுத்தால் நல்ல கொறிக்கும் பண்டம். மெழுகுதிரிக்குப் பதிலாகச் சிறு பற்றரி விளக்கு வையுங்கள்.

வெடிச் சத்தமும் நம் மனங்களும்

தீபாவளியும் நவம்பர் 5ஆம் திகதி வாணவேடிக்கையும் அடுத்தடுத்து வருகின்றன. கம்பி மத்தாப்பின் நுனி 2000 பாகை வரை சூடாகும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் கையுறை போடட்டும், எரிந்த கம்பியை வாளித் தண்ணீருக்குள் போடட்டும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் பிடியுங்கள். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றுங்கள். மஞ்சள், பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம்.

இனிச் சொல்வதை இளையவர்கள் கவனமாக வாசிக்கவும். வாணவேடிக்கையின் அழகு உங்களுக்குத் தெரிகிறது. உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முதலில் கேட்பது சத்தம். நம்மில் பலருக்கு இந்த மாதங்களே பாரமானவை. 1995 ஒக்ரோபர் 30 அன்று மழைக்குள்ளால் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! எங்களுக்கும் இங்கு வந்த முதல் நவம்பரில், முதல் வெடியோடு உடல் தானாகவே மேசைக்குக் கீழே குனிந்தது. வெட்கமாக இருந்தது. அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல என்று இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறோம். ஒருகாலத்தில் உயிர்காத்த பழக்கத்தை உடல் இன்னும் கைவிடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முன்கூட்டியே சொல்லுங்கள்: "அம்மா, இன்றைக்கு ஏழு மணிக்கு வெடி இருக்கும். நான் வீட்டில்தான் இருப்பன்." திரைச்சீலையை மூடி, விருப்பமான பாட்டைப் போடுங்கள், பக்கத்தில் இருங்கள். நித்திரையின்மை, கெட்ட கனவு, திடுக்கிடுதல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சைக்கு நீங்களே நேரடியாகவும் பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

"குளிர்" என்ற சொல்லுக்குப் பின்னால்

வெளியே வர மறுக்கும் அம்மாவிடம் காரணம் கேட்டால் "குளிர்" என்பார். மெதுவாகக் கதைத்தால் வேறு மூன்று காரணங்கள் வரும். முதலாவது சப்பாத்து. பிள்ளைகள் விலை கூடிய கோட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள், காலுக்கோ பழைய செருப்புத்தான். வழுக்காத அடியுள்ள சப்பாத்தும் தடித்த மேசும் வாங்கிக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது மலசலகூடம். அடிக்கடி சிறுநீர் போகும் என்ற பயத்தில் பலர் தண்ணீரையும் குறைக்கிறார்கள். மலசலகூடம் உள்ள பூங்காவைத் தெரிந்தெடுங்கள், பிரச்சினையை வைத்தியரிடமும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. மூன்றாவது, வழி தவறிவிடுவோமோ என்ற பயம். பாசை தெரியாத ஊரில் அது நியாயமான பயம். ஒரே பாதையில் நாலு தடவை கூடவே நடவுங்கள். ஐந்தாவது தடவை அவரே முன்னால் போவார்.

இன்சுலின் அல்லது சீனியை வெகுவாகக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் குளுக்கோஸ் வில்லை கொண்டு செல்லவும். நெஞ்சுநோ உள்ளவர்கள் நாவுக்கடியில் அடிக்கும் மருந்தையும், ஆஸ்துமா உள்ளவர்கள் பம்பையும் மறக்க வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியை இப்போதே போடுங்கள். பிள்ளைகளின் மூக்குத் தெளிப்பு மருந்தில் பன்றி ஜெலற்றின் உண்டு. அதை விரும்பாதவர்கள் ஊசி கேட்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். சுடச்சுட ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துச் செல்லுங்கள். இருபது நிமிடம் போதும். அடுத்த சனி அவர்களே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கக்கூடும்.