பிசிறு இருந்தால் இருக்கட்டும்

சுங்கை பட்டாணி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பாராட்டு பின்னால் வரும்; முதலில் திட்டு. சின்னவளின் கையில் இருப்பது என்ன? 'பாசார் மாலாம் சந்தையில் மருதாணிக் கோன் வாங்கினேன் பெரியம்மா, ஒரே மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடித்துக்கொண்டது' என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய்.

மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. இலையை அரைத்து வைத்தால் முதலில் ஆரஞ்சு நிறந்தான் வரும். மறுநாள், அதற்கும் மறுநாள் என்று சிவந்து, கடைசியில் காப்பி நிறத்துக்குப் போகும். உடனே கறுப்பு என்றால், தலைச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற இரசாயனத்தை அதில் கலந்திருக்கிறார்கள். தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கோலம் போட்ட கோட்டோடு கொப்புளம் எழும்பும், தழும்பும் நின்றுவிடும். ஒருமுறை ஒவ்வாமை கண்ட உடம்பு ஆயுசுக்கும் அதை மறக்காது. இவள் வளர்ந்து நரைக்குச் சாயம் பூசப் போகிற காலத்தில் முகமே வீங்கிப்போகலாம். கோனில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, என்ன சேர்த்தோம் என்று எழுதாமல் விற்றாலோ வாங்காதே. இன்றைக்கே கையைப் பார். சிவந்தோ தடித்தோ இருந்தால் வீட்டு வைத்தியம் பண்ணாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போ.

இன்னொன்று. கைக்குழந்தைக்கும் ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நல்ல இலையாகவே இருந்தாலும் பொறு. ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு மருதாணி பூசினால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை வரலாம். நம் நாட்டில் பிள்ளை பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்த்துவிடுகிறார்கள். கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மருதாணிக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. லயத்துக்குப் பின்னால், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாக ஒரு செடி நிற்கும். தீபாவளிக்கு முந்தின இரவு உன் அம்மாவும் நானும் தேயிலைச் சாயமும் எலுமிச்சையும் விட்டு அம்மியில் அரைப்போம். பக்கத்துக் கம்பத்து மக்சிக்கும் அதே செடியில்தான் பறிப்பார். மலாய்க்காரர்களுக்கு அது இனாய்; கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணுக்கு அதை வைக்க ஓர் இரவே உண்டு. கடையில் விற்கிற நகச்சாயம் நகத்தின்மேல் தோலாகப் படிந்துவிடும், தொழுகைக்கு முன் கழுவுகிற தண்ணீர் நகத்தில் படாது. இனாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். எங்களுக்கோ வேறு காரணம். பால் மரம் வெட்டுகிறவள் நகத்தில் எப்போதும் கறுப்பு இருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மருதாணி வைத்தால் அது கொஞ்ச நாளைக்குக் கண்ணில் படாது.

உன் நகத்துக்கு வருகிறேன். கூலிம் ஹை-டெக் பார்க்கில் வேலை பார்க்கிற உனக்கு விரல் நகத்தில் பூ வரையும் யோகம் லீவு நாளில் மட்டுந்தான். சில்லு செய்கிற சுத்த அறைக்குள் முகப்பூச்சும் நகச்சாயமும் கூடாது என்பதை உன் சூப்பர்வைசரின் கெடுபிடி என்று நினைக்காதே. உதிர்கிற ஒரு துணுக்கு போதும், சில்லு வீணாகிவிடும். ஆனால் கால் விரலை யார் பார்க்கப் போகிறார்கள்? பூட்சுக்குள் மயிலே வரைந்துகொள்ளேன்! ஜெல் பூச்சை நீயே வீட்டில் விளக்கு வைத்து உலர்த்துவதாக எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வருகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த ஜெல் இறுகுவதற்குச் சேர்க்கும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள்களில் தடையே செய்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். சாதாரண நகச்சாயமும் ஒரு பல்குச்சியும் கொடு, பள்ளிக்கு முந்தின இரவு அழித்துவிடு. மறுநாள் பள்ளியில் நகத்தைப் பார்ப்பார்கள்.

இனி, நீ உண்மையில் எழுத வந்த விஷயம். மூத்தவள் மாறுவேடப் போட்டிக்கு ஜான்சி ராணிப் படைப் பெண்ணாகப் போக ஆசைப்பட்டாள், நீயும் அவளும் சேர்ந்து உடை தைத்தீர்கள், அவள் தைத்த பக்கம் கோணலாக இருந்ததால் அவள் தூங்கியபின் அதைப் பிரித்து நீயே தைத்தாய், காலையில் பார்த்துவிட்டு அவள் அழுதாள். 'நல்லதுதானே செய்தேன் பெரியம்மா' என்கிறாய்.

நல்லது செய்யவில்லை. அவளுடைய உடையை எடுத்துக்கொண்டு உன்னுடையதைக் கொடுத்தாய். மேடையில் நிற்கப் போவது அவள், ஜெயிக்கப் போவது உன் தையல் என்றால் அவள் எதற்கு அங்கே? கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த பிள்ளை வெட்டட்டும், நீ துணியைப் பிடித்துக்கொள். ஊசி குத்தாமல் பார்ப்பதும், சூடான பசைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் உன் வேலை. மற்றதெல்லாம் அவள் வேலை. பரிசு வாடகை உடைக்குப் போனால் போகட்டும். ஆசிரியர்களுக்கும் கண் இருக்கிறது. எதை அம்மா தைத்தாள், எதைக் கடை தைத்தது, எதைப் பிள்ளை தைத்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த உடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக இருக்கிற துணியைப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பட்டாளத்துத் துணி அது. இந்திய விடுதலைக்குத் திரண்ட அந்த ராணிப் படைப் பெண்கள் போட்டது வெறும் காக்கி: சட்டை, கால்சட்டை, நீளவாக்கில் மடிகிற தொப்பி. 1943 அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் அவர்களுடைய பயிற்சி முகாம் திறந்தது. தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி மெட்ராஸில் படித்த டாக்டர். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாம் அறிந்தவர் கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். பேர் தெரிந்தவர்கள் இவர்கள். அணிவகுப்பில் நின்றவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதுவரை புடவையும் பாவாடையும் தவிர வேறு உடுத்தாதவர்கள், கால்சட்டை போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் காலத்துத் தாய் தகப்பனுக்குத் துப்பாக்கியைவிடக் கால்சட்டைதான் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்!

ஆகவே துணிக்கடைக்குப் போகாதே. மாப்பிள்ளையின் பழைய வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றை எடுத்து, தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து அதில் ஊறப்போடு. பாலியெஸ்டர் கலந்த துணியில் சாயம் சரியாகப் பிடிக்காது, பார்த்து எடு. முழுக் காக்கி நிறம் வராது, வெளுத்த காக்கி வரும். போர்க்காலத்தில் துவைத்துத் துவைத்துப் போட்ட சட்டைக்கு அதுதான் பொருத்தம். இதைச் செய்யும்போது, அவள் யாராக நிற்கப் போகிறாள் என்பதையும் சொல்லிக்கொண்டே செய். மேடையில் 'ஜெய் ஹிந்த்' என்று கத்திவிட்டு இறங்கினால் போதாது. நான் ஒரு பால் மரம் வெட்டுகிறவளின் மகள், இன்றைக்கு முதல்முறையாகக் கால்சட்டை போட்டிருக்கிறேன் என்று அவள் சொன்னால் எப்படி இருக்கும், யோசித்துப் பார்.

எங்கள் வட்டாரம் அந்தக் காலத்துக் கடாரம் அல்லவா, அதனால் மாறுவேடப் போட்டி என்றால் ராஜேந்திர சோழன்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே வாடகைக் கிரீடம், ஒரே அட்டை வாள். 1025இல் வந்தவனைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் படையெடுத்து வந்தவனாக நிற்கத் துடிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர், நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகைகிற கொசுவர்த்தி, முழங்கை வரை இழுத்துவிட்ட சட்டை, கையில் உளியோடு பால் மரம் வெட்ட இருட்டில் இறங்கிப் போன தன் பாட்டியாக நிற்கக் கேட்கிறார்கள்? அடுத்த ஆண்டுக்கு இதை மனதில் வைத்துக்கொள். உளியை மட்டும் அட்டையில் செய். என்னுடையது இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது, தரமாட்டேன்.

'அந்தக் காலத்தில் எல்லாம் கையாலேயே செய்தீர்களாமே, எவ்வளவு அழகான வாழ்க்கை' என்று நீ எழுதிய வரியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. கோதுமை மாவுச் சாக்கைத் துவைத்து உன் மாமாவுக்கு அரைக்கால் சட்டை தைத்தது கைத்திறனைக் காட்ட அல்ல, துணி வாங்கக் காசில்லை. ஜப்பான்காரன் காலத்தில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டவர்களைப் பற்றி என் அம்மா சொல்வார். அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து, வெயிலேறப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வருகிறவளுக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து காகிதப் பூ வெட்ட எங்கே நேரம்? பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொண்டார்கள்: மரவள்ளித் தண்டை ஒடித்து ஒடித்து மாலை, ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து, மைலோ டின்னில் கிரீடம். உனக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு சம்பளத்தோடு கிடைக்கிறது. நம் குடும்பத்தில் இப்படி ஆசைக்காக உட்கார்ந்து பசை தடவுகிற முதல் தாய் நீதான். அதனால்தான் சொல்கிறேன், அந்த நேரத்தைப் போட்டிக்கும் போனுக்கும் கொடுத்துவிடாதே. படம் எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்துக்காகப் பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சிரிக்கச் சொல்லாதே.

சின்னவளின் பட்டாம்பூச்சி இறக்கைக்கு ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது பாடாங் செராய்ப் பக்கம் இன்னும் மரம் நிற்கிற இடமாகப் பார்த்துப் போ. முழுசாக, ஓட்டை இல்லாத இலையாகப் பொறுக்கு. தண்ணீரில் போட்டுச் சில வாரம் அழுகவிடு. அவசரமென்றால் சலவைச் சோடா போட்டு வேகவைக்கலாம். அது கையை அரிக்கும், அடுப்படியில் பிள்ளை வேண்டாம். பிறகு தட்டில் தண்ணீர்விட்டு இலையைப் பரப்பி, பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்டித் தேய்த்தால் சதை கழன்று நரம்பு மட்டும் வலையாக நிற்கும். இந்த நாட்டில் அதற்குச் சாயமேற்றிப் பூச்செண்டு செய்து விற்றார்கள், நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். தேய்க்கிற வேலைக்குச் சின்னவளைவிடப் பொறுமையான ஆள் உன் வீட்டில் இல்லை. கிழிந்ததையும் தூக்கி எறியாதே, கம்பிச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் கிழிசல் தெரியாது.

பையன் முகத்தில் தழும்பு வைக்கக் கேட்கிறானாமே. சினிமாவில் அதற்குப் பூசுகிற திரவ லேட்டக்ஸ் வேறெதுவும் இல்லை, நாங்கள் ரப்பர் மரத்து மங்கிலிருந்து ஊற்றிய பால்தான். உறையாமல் இருக்க அமோனியா சேர்த்துப் புட்டியில் அடைத்திருக்கிறார்கள். சிலருக்கு ரப்பரே ஒத்துக்கொள்ளாது, முதலில் முழங்கை மடிப்பில் தொட்டுவைத்துப் பார். புருவத்தில் பட்டால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சமையலுக்கு நீ என்னிடம் யோசனை கேட்க வேண்டியதில்லை. சங்குப்பூ போட்ட நீல இடியாப்பத்தில் எலுமிச்சை பிழிந்து ஊதாவாக மாற்றிக் காட்டினாயே, அது எனக்கே புதிது. ரொட்டி ஜாலா மாவு ஊற்றுகிற குவளையைப் பிள்ளைகள் கையில் கொடு, தவாவில் தங்கள் பெயரை எழுதட்டும். கருகினாலும் எழுதியவர்களே தின்ன வேண்டும் என்று சொல்லிவிடு. பள்ளிச் சாப்பாட்டு டப்பாவில் மட்டும் கரடியும் முயலும் வேண்டாம். ரீசெஸ் நேரம் கொஞ்சம், பிள்ளை பசியில் இருப்பான்.

காசு விஷயம். அக்கம்பக்கத்தில் உடை தைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், வாங்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறாய். தாராளமாக வாங்கு. துணி, நூல், ஜிகினா, உன் தூக்கம் எல்லாவற்றையும் கூட்டி விலை சொல். 'நம்ம ஆள்தானே' என்று குறைக்கச் சொல்கிறவர்களிடம் அவர்கள் வீட்டுச் சம்பளத்தில் குறைத்துக்கொள்கிறார்களா என்று கேள். ஆனால் ஆர்டர் வேலை வார நாளில், பிள்ளைகள் தூங்கியபின். சனிக்கிழமை மேசையில் அது ஏறக்கூடாது. முடியாத மாதத்தில் முடியாது என்று சொல்லப் பழகு. நைட் ஷிப்ட் முடித்து வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஊசி விரலில்தான் ஏறும்.

மூத்தவளிடம் நீயே போய்ப் பேசு. பிரித்த நூல் கிடந்தால் அந்தப் பக்கத்தை மறுபடியும் அவளே தைக்கட்டும், பிசிறு இருந்தால் இருக்கட்டும். தொப்பிக்கு என்னிடம் பழைய காக்கித் துண்டு இருக்கிறது. வெட்டித் தருகிறேன், தைப்பது அவள். காதுக்கு மேலே அவள் தலையைச் சுற்றி நூல் பிடித்து, எத்தனை அங்குலம் என்று புதன்கிழமைக்குள் போனில் சொல்.

உன் பெரியம்மா